இரண்டு முறை அழுத்த வேண்டியிருக்கிறது

அத்தை என் லேப்டாப்பை மூடிவைத்த இரவில் நானூறு பக்க வேலை முப்பத்தொன்றாம் பக்கத்தில் நின்றுபோனது. "ஏன் கண்ணு, தொறந்தே கெடந்துச்சு, தூசி படியுமேன்னு மூடி வெச்சேன்" என்றவரிடம் எப்படிக் கோபப்படுவது?

வை.மு. கோதைநாயகி 1925 முதல் நடத்திய ‘ஜகன்மோகினி’ இதழ்களின் பக்கப் படங்களை எழுத்தாக மாற்றிக்கொண்டிருந்தேன். டெசராக்ட் என்ற மென்பொருள் படத்திலுள்ள எழுத்தை அடையாளம் கண்டு யூனிகோடில் தரும். அது ஓடுவது கல்லூரி சர்வரில். நான் இருப்பது சிங்காநல்லூர் வீட்டில். எஸ்எஸ்ஹெச் வழியாக டெர்மினலில் கட்டளை கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போவேன். மூடியைச் சாத்தியதும் இணைப்பு அறுந்தது. அதை நம்பி ஓடிய வேலையும் அதோடு செத்தது.

என் ஆய்வு மாணவிதான் வழி சொன்னாள்: "சர்வர்ல டீமக்ஸ் போட்டு, அதுக்குள்ள ஓட்டுங்கம்மா."

1987இல் வந்த ஸ்க்ரீனின் வழியில் 2007இல் நிக்கோலஸ் மேரியட் எழுதிய மென்பொருள் அது. ஒரே திரையைப் பல கட்டங்களாகப் பிரிக்கலாம். கன்ட்ரோலும் பி-யும் சேர்த்து அழுத்தி, பிறகு சதவீதக் குறி போட்டால் இடம் வலமாகப் பிரியும். இரட்டை மேற்கோள் போட்டால் மேல் கீழாக. இசட் அழுத்தினால் நாம் இருக்கும் கட்டம் மட்டும் திரை முழுக்க விரியும்.

கட்டங்களைப் பார்த்து நான் பெரிதாக வியக்கவில்லை. ஒரு கட்டத்தில் குக்கர் விசில், ஒன்றில் மகனின் கணக்கு, ஒன்றில் நாளைய வகுப்பு என்று ஓட்டித்தான் பழக்கம். "எல்லாத்தையும் ஒண்ணா சமாளிக்கறீங்களே மேடம்" என்பார்கள். அந்தப் பாராட்டுக்கு விலையாக என் பிஎச்டி ஒன்பது வருடம் இழுத்தது. ஒவ்வொரு முறை எழுந்து போய்த் திரும்பும்போதும் முதலிலிருந்து தொடங்கினேன்.

என்னை அசைத்தது டி என்ற எழுத்து. கன்ட்ரோல்-பி, பிறகு டி. நாம் வெளியே வந்துவிடுவோம், செஷன் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். நாளைக்கு எந்த ஊரிலிருந்தும் 'டீமக்ஸ் அட்டாச்' என்றால் விட்ட இடம் அப்படியே வந்து நிற்கும்.

அம்மா ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃபிரேம் பார்த்தவர். அறுந்த இழையைப் பிணைத்தபடி எட்டு மணி நேரம் நடப்பார். சங்கு ஊதியதும் அடுத்த ஷிப்ட்காரி வந்து நிற்பாள், மிஷின் நிற்காது. வீட்டில் அப்படி யாரும் மாற்ற வரவில்லை. அவர் போட்டுவிட்டுப் போன பாத்திரம் போட்டபடியே கிடக்கும்.

பழக்கம் கூடியதும் லேப்டாப்பிலும் டீமக்ஸ் போட்டேன். அதன் ஒரு கட்டத்துக்குள் சர்வரின் டீமக்ஸ். ஒரே கணினியில் இப்படி ஒன்றுக்குள் ஒன்று திறக்கப் போனால், கவனமாகச் செய் என்று மென்பொருளே தடுக்கும். எஸ்எஸ்ஹெச் வழியாகப் போனால் அந்த எச்சரிக்கை வராது. திரையின் அடியில் இரண்டு பச்சைப் பட்டைகள் தெரிந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. உள்ளேயிருப்பதிலிருந்து வெளியே வரலாமென்று கன்ட்ரோல்-பி, டி அழுத்தினால், வெளியிலிருப்பது அதைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் கழற்றிவிட்டது. உள்ளே இருப்பதற்குக் கட்டளை போக வேண்டுமென்றால் கன்ட்ரோல்-பி இரண்டு முறை அழுத்த வேண்டும்.

வீடும் அப்படித்தான். என் சொல் எதுவானாலும் முதலில் அதுதான் பிடித்துக்கொள்கிறது. கவிதைக்காக எழுந்தால் காபிக்கு எழுந்ததாகிவிடும். எனக்குள்ளிருப்பதை எட்ட எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. கணினியில் இதற்குத் தீர்வு சுலபம்: வெளியிலிருப்பதன் சாவியை கன்ட்ரோல்-ஏ என்று மாற்றினேன், அதன் பட்டைக்கு வேறு நிறம் கொடுத்தேன். இப்போது யாரிடம் பேசுகிறேன் என்று குழப்பமில்லை.

போன ஆடியில் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வேலையைப் போட்டது போட்டபடி ஓடினேன். மூன்றாம் நாள் இரவு, வார்டில், போனில் டெர்மக்ஸ் திறந்து அட்டாச் செய்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போனதால் நின்றுபோகாத முதல் வேலை. கண் கலங்கிவிட்டது.

"உம்பட வேலை நின்னுபோச்சா அம்முணி?" என்றார் அம்மா.

"இல்லீங்மா, ஓடிட்டிருக்குது."

"நீயில்லாம எப்படி ஓடுது?"

சர்வரை யாரோ அணைக்காமல் வைத்திருக்கிறார்கள் என்றேன். அது நின்றால் செஷனும் போய்விடும் என்பதையும் சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். "அப்ப உன்னை மாத்திவிட ஆருமில்லையா?"

அண்ணன் தினமும் மாலையில் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போவார். வராந்தாவுக்குப் போய் அவருக்குப் போன் போட்டேன். "அண்ணா, நாளைக்கும் நாளன்னைக்கும் ராத்திரி வார்டுல நீங்க இருங்க."

"அம்மாவுக்கு நீ இருந்தாத்தானே..." என்று இழுத்தார்.

இரண்டாம் முறை சொன்னேன்.