மலைப்பிளவுகளுக்குப் பெயரிட்டோர்

மனிதன் கற்ற கல்விகளுள் முதலாவது பெயர்க் கல்வியே. ஆதம் நபி (அலை) அவர்களுக்கு இறைவன் கற்றுக்கொடுத்தவை பெயர்களே என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவர். பெயர் தெரியாத ஒன்றை நம்மால் அழைக்க இயலாது. தேடிச் செல்ல இயலாது. அதனைக் குறித்துப் பிறரை எச்சரிக்கவும் இயலாது. இம்மூன்றனுள் இறுதியாகச் சொன்னது சில வேளைகளில் உயிரைக் காப்பதாகவே அமைந்துவிடுகிறது.

ஓமன் நாட்டில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர், வெள்ளிக்கிழமை விடுமுறையில் நண்பர்களோடு ஒரு மலையிடுக்கினுள் இறங்கி, நீந்தியும் தாவியும் வெளிவந்த கதையை நமக்கு எழுதியிருந்தார். 'ஸ்நேக் கேன்யன்', அதாவது பாம்புப் பிளவு, என்று அதன் பெயரைக் குறித்திருந்தார். நாம் எழுதிய பதிலில் ஒன்றே ஒன்று கேட்டிருந்தோம்: "அவ்வூரார் அவ்விடத்தை என்னவென்று அழைக்கின்றனர்?" அவருக்குத் தெரியவில்லை. இரண்டு மாதங் கழித்து, ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவரைக் கேட்டறிந்து எழுதினார். அது 'வாதீ பனீ அவ்ஃப்' என்னும் பள்ளத்தாக்கைச் சேர்ந்த இடம். அவ்ஃபின் மக்கள் வாழும் பள்ளத்தாக்கு என்பது அதன் பொருள். வழி வளைந்து நெளிவதைக் கண்டவர் இட்ட பெயர் ஒன்று. அங்கே வீடு கட்டிப் பேரீச்சை வளர்த்தவர்களின் பெயர் மற்றொன்று. அது முதற்கொண்டு இத்தகைய பெயர்களைத் தேடிப் படிப்பது நமக்கொரு வழக்கமாயிற்று. படித்தவற்றுட் சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

ஆறும் மழைவெள்ளமும் பன்னெடுங் காலமாக அறுத்த ஆழ்ந்த பாறைப் பிளவுகளுள், மேலிருந்து கீழாகக் கயிறு கட்டி இறங்கியும், குளிர்ந்த மடுக்களை நீந்திக் கடந்தும், தோள்பட்டை உரசும் இடுக்குகளிற் பக்கவாட்டில் நுழைந்தும் வெளியேறுவதை ஐரோப்பியர் 'கேன்யனிங்' என்றும் அமெரிக்கர் 'கேன்யனீரிங்' என்றும் வழங்குகின்றனர். ஒவ்வொரு பிளவும் ஒரு வழி. ஒவ்வொரு வழிக்கும் ஒரு பெயர். அமெரிக்க வழிநூல்களிற் பெயரை அடுத்து ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் கயிற்று வேலையின் கடுமையைச் சொல்லும். எழுத்து நீரின் நிலையைச் சொல்லும். வழக்கமாக வறண்டிருப்பது 'ஏ'. நீர் தேங்கி நிற்பது 'பி'. நீர் பாய்ந்தோடுவது 'சி'. எண்ணும் எழுத்தும் அறிவுக்கு, பெயரோ நினைவுக்கு. மலையை விட்டு வந்தபின் மனத்தில் தங்குவது பெயர்தானே!

இப்பிளவுகளைக் குறிக்கும் பொதுச்சொற்களே சுவை மிக்கவை. இன்றைய அரபியில் இத்தகைய இடுக்கை 'கானிக்' என்பர். கழுத்தை நெரித்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. ஆங்கிலேயர் பிரெஞ்சிலிருந்து பெற்ற 'கார்ஜ்' என்னும் சொல்லுக்கோ தொண்டை என்பது பொருள். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமலே இரு மொழியாரும் மலையில் ஒரு கழுத்தைக் கண்டிருக்கின்றனர்! 'கேன்யன்' என்பது குழாயைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். அமெரிக்காவின் 'கிராண்ட் கேன்யன்' அரபியில் 'அல் உக்தூதுல் அளீம்' எனப்படுகிறது. திருக்குர்ஆனின் 'புரூஜ்' அத்தியாயத்தை ஓதியவர்களுக்கு 'உக்தூத்' புதிய சொல்லன்று. ஜோர்தானில் பெட்ரா நகருக்குள் நுழையும் ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடைய பாறை வழியை 'ஸீக்' என்பர். பிளவு என்பதே அதன் கருத்து. நம் தமிழிலும் 'விடர்' என்றொரு பழஞ்சொல் மலைப்பிளப்பைக் குறிக்க உண்டு. நெரிக்கும் கழுத்து, பிளந்த வாய், நீண்ட குழாய் என்று அவரவர் கண்ணுக்குத் தோன்றியவாறு பெயர் வந்தது.

தனித்தனி வழிகளின் பெயர்கள் பிறக்கும் முறையைக் காண அமெரிக்காவின் யூட்டா மாநிலம் தக்க இடம். அங்கே ஸையன் என்னும் தேசியப் பூங்காவில் 'பிஹூனின் கேன்யன்' என்றொரு வழியுண்டு. 1860களில் அப்பள்ளத்தாக்கிற் குடியேறி உழுது பயிரிட்ட ஐசக் பிஹூனின் என்பவரின் பெயர் அது. அதே பூங்காவில் 'சப்வே' என்னும் வழி, நிலத்தடி ரயிலின் சுரங்கத்தைப் போற் குடைந்த வட்டப் பாறையினால் அப்பெயர் பெற்றது. நிலப்படத்தில் அவ்விடம் 'வடவோடையின் இடக்கிளை' என்றே காணப்படும். சரியான பெயர்தான், ஆனால் யார் நினைவில் நிற்கும்? மற்றோரிடத்தில் 'லெப்ரகான்' என்று அயர்லாந்துக் கதைகளின் குட்டிப் பூதத்தின் பெயரை ஒரு பிளவு தாங்கி நிற்க, அக்கம்பக்கத்துப் பிளவுகளும் 'பிளார்னி', 'ஷில்லேலா' என்று அயர்லாந்துப் பெயர்களையே கொண்டு ஒரு குடும்பம் போல் அமைந்துள்ளன. அயர்லாந்துக்கும் அப்பாலைவனத்துக்கும் எவ்வித உறவும் இல்லை! 'பிளாக் ஹோல்', அதாவது கருங்குழி, என்று ஒரு வழி. கோடையிலும் உடலை விறைக்கச் செய்யும் இருண்ட மடுக்கள் அங்குண்டு. இவ்வகைப் பெயர் இறங்குவோனை வாயிலிலேயே நிறுத்தி, சற்று யோசி என்று சொல்கிறது.

அமெரிக்க அரசு 1890ஆம் ஆண்டிலேயே இடப்பெயர்களுக்கென ஒரு வாரியம் நிறுவியது. ஒருவர் இறந்து ஐந்தாண்டுகள் கழியாமல் அவர் பெயரை ஓர் இயற்கையிடத்துக்கு இடுவதை அவ்வாரியம் ஏற்பதில்லை. வழிப்பெயர்களுக்கோ அத்தகைய தடையேதுமில்லை. முதலில் இறங்கியவர் சொல்வார். அடுத்தவர் கேட்டுச் சொல்வார். பத்துப் பேர் சொன்னால் பெயர் நிலைத்துவிடும். நம் ஊர்களில் ஒருவருக்குப் பட்டப்பெயர் ஒட்டுவதும் இவ்வாறுதானே!

நகைச்சுவையிற் பிறந்து நிலப்படத்திலேறிய பெயருமுண்டு. 1869ஆம் ஆண்டு ஜான் வெஸ்லி பவல் என்னும் ஒற்றைக் கை வீரர் ஒன்பது துணைவருடன் படகேறி, கொலராடோ ஆற்றின் பெரும் பிளவுகளை ஊடுருவிச் சென்றார். வழியில் ஒரு கிளையாறு சேறும் நாற்றமுமாக வந்து கலந்தது. பின்வந்த படகிலிருந்தவர், மீன் கிடைக்குமா என்று கேட்க, முன்சென்றவர் வெறுப்புடன் அதை அழுக்குப் பிசாசு என்றார். 'டர்ட்டி டெவில்' என்பதே இன்றளவும் அவ்வாற்றின் பெயர். பின்னர்த் தெளிந்த நீரோடை ஒன்றைக் கண்டபோது, முன்னதற்கு ஈடு செய்வது போல் 'பிரைட் ஏஞ்சல்', அதாவது ஒளிமிகு வானவர், எனப் பவல் பெயரிட்டார். குரல் எதிரொலித்து இசையாகத் திரும்பிய ஒரு பாறைக் குடைவுக்கு 'மியூஸிக் டெம்பிள்' எனவும் பெயர் வைத்தார். 1963இல் கிளென் கேன்யன் அணையின் கதவுகள் மூடப்பட்டபின் அந்த இசைக்கூடம் நீருள் மூழ்கியது. மூழ்கடித்த நீர்த்தேக்கத்துக்குச் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? 'லேக் பவல்'! பெயரிட்டவரின் பெயராலேயே அவர் பெயரிட்ட இடம் மறைந்தது.

ஆயினும் பவலும் அவர் தோழர்களும் வருமுன் அவ்விடங்கள் பெயரின்றிக் கிடந்தனவா? இல்லை. இக்கேள்விதான் நம்மை மிகுதியும் உறுத்துவது. இன்று ஸையன் எனப்படும் பள்ளத்தாக்கு 1909இல் அரசின் பாதுகாப்புக்கு வந்தபோது 'முகுன்டுவீப்' என்னும் பெயரையே பெற்றிருந்தது. அது பையூட் என்னும் தொல்குடியினரிடமிருந்து கேட்டு எழுதப்பட்ட பெயர். வெளியூர்ப் பயணிகளின் நாவுக்கு அது கடினம் எனக் கருதப்பட்டது. குடியேறியவர்கள் வழங்கி வந்த 'ஸையன்' என்னும் பெயரே 1918இல் அரசின் ஆணையாயிற்று. நாவுக்கு எளிதென்பதற்காக ஒரு மக்களின் சொல் வழிவிட்டது.

இதற்கு நேர்மாறான காட்சியொன்று ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் உள்ளது. அரகோன் மாநிலத்தின் குவாரா மலைத்தொடர், ஐரோப்பாவில் பிளவிறங்கும் கலை வளர்ந்த தொட்டில்களுள் ஒன்று. பிரெஞ்சுக்காரரான லூசியன் பிரியே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மலைகளில் அலைந்து, படம் பிடித்து, உலகறியச் செய்தார். இன்று கோடை தோறும் பல நாட்டு இளைஞர்கள் அங்கே கூடுகின்றனர். அவர்கள் தங்கும் ஊரின் பெயர் அல்கேஸர். இச்சொல்லை அரபி படித்தவர் முன் சொல்லிப் பாருங்கள். 'அல் கஸ்ர்', கோட்டை, என்று உடனே சொல்வார். முஸ்லிம்கள் ஆண்ட நாளில் எழுந்த கோட்டையின் பெயரே ஊருக்கு நிலைத்தது. அம்மலையின் பேர்பெற்ற வழிகளுள் ஒன்று 'மஸ்கூன்'. இதனையும் அரபிச் சொல்லென்றே கூறி, ஆவிகள் குடியிருக்கும் இடமென அப்பகுதியார் பொருள் விளக்குகின்றனர்.

இதைப் படித்தபோது நம் உள்ளம் துள்ளியது. 'ஸகன' என்றால் குடியிருந்தான். 'மஸ்கன்' என்றால் இல்லம். 'மஸ்கூன்' என்றால் குடியிருக்கப்பெற்றது. ஜின் குடியேறியதாக அஞ்சப்படும் வீட்டை அரபியர் இன்றும் இச்சொல்லாலேயே குறிப்பர். காற்று ஊளையிடும் அந்தக் கோபுரப் பாறைகளினிடையே, மாலை மயங்கும் வேளையில் ஆட்டு மந்தையைத் திருப்பிக்கொண்டு வந்த யாரோ ஒருவரின் அச்சம் அச்சொல்லில் உறைந்திருக்க வேண்டும். கோட்டையை ஆண்டவர்கள் பதினொன்றாம் நூற்றாண்டிலேயே நீங்கினர். 1609 முதல் 1614 வரையில் எஞ்சிய முஸ்லிம் வழியினரும் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டனர். வீடும் நிலமும் போயின. சொல் மட்டும் போகவில்லை. ரப்பர் உடை தரித்து, தலைக்கவசம் அணிந்து, கயிறு பிடித்து இறங்கும் பிள்ளைகள் பொருளறியாமலே அச்சொல்லை நாளும் உச்சரிக்கின்றனர்.

பெயர் நிலைத்தால் என்ன, மாறினால் என்ன, பாறை பாறைதானே என்று கேட்போருக்கு நாம் இரண்டு நிகழ்ச்சிகளைச் சுட்டுவோம்.

யூட்டாவில் 'புளூஜான்' என்றொரு பிளவு. முன்னொரு காலத்தில் அப்பகுதியில் ஒளிந்து வாழ்ந்த குதிரைத் திருடர்களோடு திரிந்த ஒருவனின் பட்டப்பெயர் அது. 2003 ஏப்ரல் மாதம் ஆரன் ரால்ஸ்டன் என்னும் இளைஞர் தனியே அதனுள் இறங்கினார். உருண்ட பாறையொன்று அவருடைய வலக்கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாட்களுக்கு மேல் அங்கேயே சிக்கிக் கிடந்து, முடிவில் தம் கையைத் தாமே அறுத்துக்கொண்டு உயிர் மீண்டார். செல்லும் இடத்தின் பெயரை அவர் முன்கூட்டி எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. 'புளூஜான்' என்னும் ஒரு சொல்லை வீட்டிலோ நண்பரிடமோ விட்டுச் சென்றிருந்தால், தேடுவோர் எங்கே தொடங்குவதென்று அறிந்திருப்பர். வழிக்குப் பெயர் வேண்டுவது பெருமைக்காக அன்று, வீட்டிலிருப்போருக்காக.

மற்றது இன்னும் துயரமானது. அரிஸோனா மாநிலத்தில் நவஹோ மக்களின் நிலத்தில் 'ஆன்டிலோப் கேன்யன்' இருக்கிறது. ஒளிக்கதிர் சாய்ந்திறங்கும் அதன் சிவந்த சுவர்களை நாட்காட்டிப் படங்களிற் பலரும் கண்டிருப்பர். ஒருகாலத்தில் அங்கு மேய்ந்த மான் போன்ற விலங்கினால் வந்த பெயர் அது. அதன் மேற்பகுதியை நவஹோ மக்கள் 'த்ஸே பிகானிலினி' என்பர். பாறைகளினூடே நீர் ஓடும் இடம் என்பது பொருள். 1997 ஆகஸ்ட் 12 அன்று, கீழ்ப்பகுதிக்குள் சுற்றுலாப் பயணிகள் இறங்கியிருந்தனர். அவர்கள் நின்ற இடத்தில் மழை பெரிதாக இல்லை. பல மைல்களுக்கு அப்பாற் பெய்த மழை, பெருஞ்சுவராகத் திரண்டு அவ்விடுக்கினுள் பாய்ந்தது. பதினொருவர் மாண்டனர்.

மான் மேய்ந்த இடம் என்று கேட்பவன் அழகைக் காணச் செல்கிறான். பாறைகளினூடே நீர் ஓடும் இடம் என்று கேட்பவன், அந்த நீர் எப்போது வரும் என்று ஒரு கேள்வியாவது கேட்பான். பழம்பெயரைப் பயணிகள் அறிந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பர் என்று நாம் சொல்லத் துணியமாட்டோம். விதியை யார் அளந்தார்? ஆயினும் அவ்விடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதற் செய்தியை அம்மக்கள் அதன் பெயரிலேயே வைத்திருந்தனர். இன்று நவஹோ மக்களின் இசைவு பெற்ற வழிகாட்டியின்றி அங்கே எவரும் நுழைய இயலாது. பெயரை அறிந்தவர்களே வாயிலில் நிற்கின்றனர்.

புதுப்பெயர் சூட்டுவோரைப் பழிப்பது நம் நோக்கமன்று. பிஹூனினும் ஒருநாள் புதியவர்தாம். மஸ்கூன் என்றவரும் அம்மலைக்கு வெளியிலிருந்து வந்தவரின் வழியினரே. காண்பவன் வியப்பது இயல்பு. வியப்பவன் பெயரிடுவதும் இயல்பு. ஆனால் வியந்தவனுக்கு ஒருநாட் பழக்கம். வாழ்ந்தவனுக்கோ பல தலைமுறைப் பழக்கம். முன்னவன் பெயரில் அவனுடைய மகிழ்ச்சியோ நகையோ இருக்கும். பின்னவன் பெயரில் நீர் வரும் வழியும், காற்றின் குரலும், குடியிருப்பவர் யாரென்பதும் இருக்கும்.

வேலையின் பொருட்டு நம் பிள்ளைகள் பல நாடுகளில் வாழ்கின்றனர். விடுமுறை நாட்களில் மலைக்கும் பாலைக்கும் வாதீகளுக்கும் செல்கின்றனர். செல்லட்டும், படைப்பின் அழகைக் காணட்டும். புறப்படுமுன் போகுமிடத்தின் பெயரை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லட்டும். சென்ற இடத்தில் எதிர்ப்படும் முதியவருக்கு ஸலாம் உரைத்து, இவ்விடத்தை நீங்கள் என்னவென்று அழைக்கிறீர்கள் என்று கேட்கட்டும். அவர் சொல்லும் பெயரை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, வானத்தையும் ஒருமுறை அண்ணாந்து நோக்கியபின் இறங்கட்டும்.