பக்கத்து வீட்டைவிடத் தேவலை

லாகோஸுக்கு இன்டர்ன்ஷிப் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி, மலேரியா மாத்திரை என்று நீளமாகப் பட்டியல் தருகிறார்கள். கரண்ட் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. 2024-ல் நான்கு மாதம் அங்கே குப்பை கொட்டியவன் என்கிற தகுதியில் கொஞ்சம் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு உதவலாம்.

நைஜீரியாவின் மக்கள்தொகை 20 கோடிக்கு மேல். அத்தனை பேருக்குமாக அந்த வருடம் கிரிட்டில் ஓடியது பெரும்பாலும் 4,000 முதல் 5,000 மெகாவாட். அதே வருடம் மே மாதத்தில் நம் தமிழ்நாடு மட்டும் கேட்ட உச்சத் தேவை 20,000-க்கும் மேல். மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே பழைய மின்வாரியத்தின் பெயர் நெப்பா. 'நெவர் எக்ஸ்பெக்ட் பவர் ஆல்வேஸ்' என்று அதற்கு விரிவாக்கம் சொல்வார்கள். 2005-ல் பெயர் மாறிற்று. 2013-ல் விநியோகம் தனியார் கைக்குப் போயிற்று. ஆனாலும் கரண்ட் வந்தால் குழந்தைகள் 'அப் நெப்பா!' என்றுதான் கத்துகிறார்கள். செத்துப்போன வாரியத்துக்கு இவ்வளவு வாழ்த்து வேறெங்கும் கிடைக்காது.

வீடு பார்க்கும்போது வாடகைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, 'எந்த பேண்ட்?' ஏ பேண்ட் ஏரியா என்றால் நாளுக்குக் குறைந்தது 20 மணி நேரம் மின்சாரம் தர வேண்டும். ஈ பேண்ட் என்றால் 4 மணி நேரம். சும்மா இல்லை. 2024 ஏப்ரலில் ஏ பேண்டுக்கு யூனிட் விலை 68 நைராவிலிருந்து 225 ஆனது. இன்டர்ன்களுக்குக் கிடைப்பது எந்த பேண்ட் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் அறைக்குக் கீழே ஒரு தையல்காரப் பெண்மணி. எல்லாருக்கும் ஆன்ட்டி. அவரிடம் கயிறு இழுத்துக் கிளப்பும் குட்டி ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. நாலு பல்பு, ஒரு ஃபேன், ஒரு மெஷின், அவ்வளவுதான் தாங்கும். நாடு முழுக்க அதற்கு ஒரே பெயர்: 'ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்'. அதாவது, பக்கத்து வீட்டைவிட நான் தேவலை! 2023 மே மாத இறுதியில் பெட்ரோல் மானியம் போனது. 200 நைராவுக்குள் இருந்த லிட்டர் சில நாட்களில் 500-ஐ ஒட்டி வந்துவிட்டது. அதனால் ஆன்ட்டி அதைத் தொடுவதற்கு முன் இரண்டு தடவை யோசிப்பார்.

அவரிடம்தான் பாடம் கற்றேன். பகலில் துணி வெட்டுவார், காஜா எடுப்பார், பட்டன் கட்டுவார். கரண்ட் வந்த நிமிஷம் மெஷினும் இஸ்திரியும்தான். "வருமா வராதான்னு கேக்காதேப்பா. வந்தா முதல்ல என்ன செய்வேன்னு முடிவு பண்ணி வை" என்றார். நானும் வேலையை இரண்டாகப் பிரித்தேன். படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது எல்லாம் இணைப்பு இல்லாமல். இணைப்பு வந்தால் அனுப்புவது, இறக்கிக்கொள்வது மட்டும். இரண்டு கம்பெனி சிம், ஒரு பவர் பேங்க். கெடுவுக்கு முதல் நாளே ரிப்போர்ட் போய்ச் சேர்ந்துவிடும்.

மார்ச் 14 அன்று அதுவும் பலிக்கவில்லை. ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் அருகே கடலுக்கடியில் நான்கு கேபிள்கள் ஒரே நாளில் அறுந்தன. மேற்கு ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் இன்டர்நெட் படுத்துவிட்டது. லாகோஸில் பல வங்கிகளின் சேவை தடுமாறியது. நான் மேலதிகாரிக்கு போன் செய்தேன். "பரவாயில்லை, நாளைக்கு அனுப்பு" என்றார். விஷயம் முடிந்தது. உதவித்தொகையில் ஒரு நைரா குறையவில்லை.

கீழே கதை வேறு. கல்யாணத்துக்குத் தைத்த உடுப்பை வாங்க ஒரு பெண் வந்திருந்தாள். பணம் டிரான்ஸ்ஃபர் ஆகவில்லை, கையில் ரொக்கமும் இல்லை. ஆன்ட்டிக்கு அது ஒரு வாரக் கூலி. ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தார். நோட்டில் பெயரை எழுதிக்கொண்டு உடுப்பைக் கொடுத்து அனுப்பிவிட்டார். நாலாம் நாள் பணம் வந்தது. வராமலும் போயிருக்கலாம்.

ஆகவே, பவர் பேங்கோடு இதையும் மூட்டை கட்டுங்கள்: கரண்ட் போனால் நமக்கு அது அசௌகரியம், அவர்களுக்கு அது அன்றைய சோறு. அக்கம்பக்கத்து ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டால் பெட்ரோலுக்குப் பங்கு கொடுங்கள். ஆன்ட்டி கேட்டதே இல்லை. அந்த ஜெனரேட்டர் ஓடும் ராத்திரிகளில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வாசலில் வைத்துவிடுவார். எப்போது எண்ணினாலும் ஆறு போன் தொங்கும். ஒன்றுகூட அவருடையது இல்லை.