வடகாட்டுப் பலா: மரத்தடியிலேயே முடிவாகும் விலை

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடியிலிருந்து வடகாடு வழியாகக் கீரமங்கலம் போகும் சாலையில், சித்திரை, வைகாசியில் பலா வாசனை கூடவே வரும். செம்மண் பூமி. கொல்லை, தோப்பு, வரப்பு என எங்கும் பலா மரங்கள். சாலையோரக் கமிஷன் மண்டிகளில் இறங்கும் காய்கள், அங்கிருந்து வெளியூர்களுக்கு லாரி ஏறுகின்றன.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், இந்தப் பகுதியில் ஏராளமான பலா, தென்னை மரங்களைச் சாய்த்தது. விதைக்கன்று காய்க்க 7, 8 ஆண்டுகளாகும். ஒட்டுக்கன்றுக்கே 3, 4 ஆண்டுகள் வேண்டும். அதனால் தப்பிய மரத்தின் ஒவ்வொரு காயும் காசு.

அந்தக் காசு குறையும் இடம் வழிப்பயணம். 100 காய் ஏற்றி 10 கெட்டுப்போனால், மீதி 90-ஐ விற்றுத்தான் 100 காய்க்கான ஏற்றுகூலியும் வாடகையும் தேற வேண்டும். இது வியாபாரிக்கு முன்பே தெரியும். கெடப்போகும் காயின் நஷ்டத்தை அவர் கொள்முதல் விலையிலேயே கழித்துவிடுவார். கடைசியில் அது விவசாயியின் தலையில்தான் விழுகிறது.

தடுக்கும் வழி மரத்தடியில் இருக்கிறது. முற்றாத காயைத் தட்டினால் கணீரென்று கேட்கும். முற்றியது மந்தமாக ஒலிக்கும். முள் விரிந்து தட்டையாகும். முற்றி, இன்னும் பழுக்காத காய்தான் தூரப் பயணத்துக்கு ஏற்றது. ஒரு வாரத்துக்குள் பழுத்துவிடும். பிஞ்சில் வெட்டியது சரியாகப் பழுக்காது. மரத்திலேயே பழுத்தது லாரியில் நசுங்கும். காம்போடு வெட்டி, கயிறு கட்டி இறக்கி, வைக்கோல் பரப்பி அடுக்கினால் அடிபடாது.

பழுத்ததை அருகிலேயே விற்க வேண்டும். அதற்குப் புதுக்கோட்டை உழவர் சந்தை இருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம் இது. அடையாள அட்டை உள்ள விவசாயி கமிஷன் இல்லாமல், இலவசத் தராசில் எடைபோட்டு நேரடியாக விற்கலாம். ஆனால் அங்கே நிற்கும் நேரமும் போய்வரும் செலவும் அவருடையது. 10 பழத்துக்கு அது கட்டுப்படியாகலாம். ஒரு லாரி காய்க்கு மண்டிதான்.

ஆகவே வெட்டும்போதே இரண்டு குவியலாகப் பிரிப்பது நல்லது: முற்றிய காய் மண்டிக்கு, பழுத்தது பக்கத்துச் சந்தைக்கு. மண்டியில் இறக்குமுன், விலை காய்க்கா, கிலோவுக்கா, கமிஷன் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டால், பட்டியலைக் கையில் வாங்கும்போது மனம் வெம்பாது.