உள்ளேன் ஐயா

விலையுயர்ந்த செவிப்பொறிகளைப் பற்றி எழுத நமக்குத் தகுதி ஏதும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். கல்லூரியில் தமிழ் நடத்துகிறோம். வயது நாற்பதுகளின் பின்பாதி. ஒலியைப் பற்றி நாம் கற்றதெல்லாம் தொல்காப்பியப் பிறப்பியலில் தொடங்கி அங்கேயே முடிகிறது. எழுத்தொலிகள் பிறக்கும் இடங்களை அவ்வியல் நுணுகிச் சொல்கிறது. அவை போய்ச் சேரும் இடத்தைச் சொல்வதில்லை. அந்தச் சேருமிடத்தைப் பற்றி நாம் எண்ணத் தலைப்பட்டது ஜவ்வாது மலையில், பழைய மாணவர் ஒருவர் கொண்டுவந்த மூன்று சிறு பெட்டிகளின் வழியாக.

அதற்கு முன் ஒரு குறையைச் சொல்லிவிட வேண்டும். வருகைப் பதிவின்போது எங்கள் துறை மாணவர்கள் 'உள்ளேன் ஐயா' என்று விடையிறுப்பது வழக்கம். இரண்டு மூன்று ஆண்டுகளாக அந்தக் குரல்கள் தேய்ந்துவிட்டன என்று ஆசிரியர் அறையில் முறையிட்டு வந்தோம். 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை' என்பது நம் வாடிக்கையான புலம்பல். இளங்கலை இரண்டாமாண்டு வகுப்பில், நமக்கு இடப்பக்கமாகக் கடைசிப் பெஞ்சில் அமரும் மாணவி ஒருவரை, "கொஞ்சம் சத்தமாச் சொன்னாத்தான் என்னம்மா?" என்று வகுப்பறிய ஒருமுறைக்கு மேல் கடிந்திருக்கிறோம். மறுமொழி வராத நாள்களில் வரவில்லை என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குச் சென்றிருக்கிறோம்.

மாணவர் இப்போது பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். ஊதியத்தில் கணிசமான பங்கைச் செவிக்கே செலவிடுபவர். கடைகளில் இயர்போன் என்று பொதுவாகச் சொல்லப்படுவனவற்றுள் ஒரு தனிக்குலம், 'இன்-இயர் மானிட்டர்' எனப்படுவது. மேடையில் பாடுவோர் தம் குரலைத் தாமே கேட்டுக்கொள்வதற்காக ஏற்பட்டது. இப்போது வீட்டில் கேட்போரையும் பற்றிக்கொண்டுவிட்டது. அவர் கொண்டுவந்தவை எட்டிமோட்டிக் ஈஆர்4எஸ்ஆர், சென்ஹைசர் ஐஇ 600, மூன்டிராப் பிளஸ்ஸிங் 3. முறையே 2016, 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்தவை. அமைதியான இடத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும் என்றார். ஜமுனாமரத்தூரில் இரண்டு இரவுகள் தங்குவது என்று முடிவாயிற்று.

அமைதிக்கு ஜவ்வாது மலையைத் தேர்ந்தது பொருத்தமே. இருளைத் தேடி வானியலாளர்கள் இதே மலையின் காவலூருக்கு வந்தார்கள். 1968இல் அங்கே நோக்கல் தொடங்கியது. 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986இல் அமைந்தது. வைணு பாப்புவின் பெயரை அந்த ஆய்வகம் தாங்கி நிற்கிறது. விண்மீனின் மெல்லொளியைக் காண நகரத்து வெளிச்சம் விலக வேண்டியது போல, மெல்லொலியைக் கேட்க நகரத்து இரைச்சல் விலக வேண்டும்.

நமக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மலையின் தெற்கே செங்கம். பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டான மலைபடுகடாம் பாடும் நன்னனின் ஊர் அதுவே என்பர். 583 அடிகள் கொண்ட அந்தக் கூத்தராற்றுப்படை, கூத்தர் சுமந்துசெல்லும் இசைக்கருவிகளில் தொடங்குகிறது. பிறகு மலையின் ஒலிகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறது: அருவியாடும் மகளிர் ஒலி, புலி பாய்ந்த கணவனின் புண் ஆறக் கொடிச்சியர் பாடும் பாட்டு, உலக்கைப் பாட்டு. மலையை யானையாகவும் அதில் எழும் ஓசையை மதமாகவும் கொண்டதால் வந்த பெயர் அது. பல ஆண்டுகளாக அதை நடத்திவரும் நாம், அம்மலைப் பக்கத்தில் ஓரிரவு வாய்மூடிச் செவிதிறந்து இருந்ததில்லை என்பது உறைத்தது.

முதல்நாள் மாலை, விடுதித் தாழ்வாரத்தில் பெட்டிகள் திறக்கப்பட்டன. ஒலியைவிடப் பொருத்தமே முதற்பாடம் என்றார் மாணவர். செவித்துளையின் நீளம் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர். திறந்திருக்கும்போது அது ஒரு சிறு குழல் போல 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைத் தானே உயர்த்திக் கொடுக்கிறது. பொறியைச் செருகியதும் குழல் அடைபட்டு அந்த இயற்கை உயர்வு போய்விடும். அதனால் இழந்ததைப் பொறியே திருப்பித் தரும்படி அமைக்கிறார்கள். அடைப்பிலோ இடுக்கு இருக்கக் கூடாது. முனை சற்றே விலகினாலும் தாழ்ந்த ஒலிகள் வெளியேறிவிடும். ஒரே பொறி ஒருவருக்கு முழக்கமாகவும் மற்றவருக்குத் தகரமாகவும் கேட்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாம்.

எட்டிமோட்டிக், மூன்று அடுக்குக் குடை போன்ற சிலிக்கான் முனையுடன் ஆழமாகச் செல்வது. ஒரு கையால் செவிமடலை மேலே இழுத்துக்கொண்டு மறுகையால் மெல்லச் செலுத்த வேண்டும். முதலில் கூச்சம், பிறகு, கிணற்றுக்குள் இறங்கியது போல வெளியுலகம் 35 டெசிபல் அளவுக்கு அடங்கிவிடுகிறது. எழுந்து நடந்தால் காலடி தலைக்குள் இடிக்கிறது. சென்ஹைசர் பட்டாணி அளவே. உறை சிர்கோனியக் கலவை. செவிமடலின் குழியில் அமர்ந்ததும் இருப்பதே மறந்துபோகிறது. மூன்டிராப் பருத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு ஒலிப்பான்களைத் தாங்குவதால் அதன் வாயும் அகன்றது. மாணவர் செவியில் அச்சில் வார்த்தாற்போல் பொருந்தியது, நம்முடைய குறுகிய துளையில் தாடை அசையுந்தோறும் நெகிழ்ந்தது. ஃபோம் முனையைப் பிசைந்து செருகி, அது உள்ளே விரியும்வரை விரலால் பிடித்திருந்த பிறகே நின்றது.

ஒலிக்கு வருவோம். 1986இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பை மூன்றிலும் கேட்டோம். எட்டிமோட்டிக்கில் வி. எஸ். நரசிம்மனின் வயலின் வில்லுரசல் தனித்தனி இழையாகத் தெரிந்தது. தாழ்ந்த ஒலிகள் இருந்தன, ஆனால் தம்மை முன்னிறுத்திக்கொள்ளவில்லை. சென்ஹைசர் அதே இசைக்கு உடம்பு கொடுத்தது. மிருதங்கக் கச்சேரி ஒன்றில் தொப்பியின் ஓசை மார்பில் வந்து தங்கியது. மூன்டிராப், கருவிகளைத் தள்ளித் தள்ளி உட்காரவைத்துக் காட்டியது. நம் தொழில்மொழியில் சொன்னால், முதலாவது மூலபாடம். இரண்டாவது, மூலத்தை நேசிக்கும் உரையாசிரியர். மூன்றாவது, நல்ல அடைவுகளுடன் கூடிய பதிப்பு. எது சிறந்தது என்று கேட்டால் மூலபாடத்தின் பக்கமே சாய்வோம். பாடத்தைப் பிறர் திருத்தித் தருவதில் நமக்கு என்றும் ஓர் ஐயம் உண்டு.

ஆனால் அந்த மூலபாடத்தில் ஒரு பிழை தென்பட்டது. எம். டி. ராமநாதனின் பழைய பதிவு ஒன்றை ஒலிக்கவிட்டிருந்தார் மாணவர். ஒற்றைத் தடப் பதிவு; இரு பக்கமும் ஒரே ஒலிதான் வரும், ஆதலால் பாடகர் நெற்றியின் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆழ்ந்த குரல் நடுவில்தான் இருந்தது. தம்புராவின் மேல்சுரங்களும் சொற்களின் சகரங்களும் மட்டும் வலப்பக்கமாக நழுவிக்கொண்டிருந்தன. பொறியின் இடப்பக்கம் பழுது என்றோம்.

"இருக்காதே ஐயா. ரெண்டு பக்கமும் ஒத்திருக்கான்னு அளந்து, சான்றிதழ் போட்டுத்தான் குடுக்கிறாங்க" என்றார். பெட்டிக்குள் அந்தத் தாளும் இருந்தது. "இது நேரான குழல், எந்தக் காதுக்கும் பொருந்தும். இடம் வலம் மாத்திப் போட்டுப் பாருங்களேன்."

மாற்றிப் போட்டோம். பழுது பொறியில் இருந்தால் ஒலி இப்போது இடப்பக்கம் சாய வேண்டும். சாயவில்லை. தம்புரா அதே வலப்பக்கத்தில் நின்றது.

மாணவர் ஒன்றும் சொல்லவில்லை. பொறிகளைக் கழற்றிவிட்டு இருட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். சற்று நேரம் கழித்து, "சில்வண்டுச் சத்தம் எந்தப் பக்கம் கேக்குது ஐயா?" என்றார். சிள்வீடு என்று சங்க நூல்கள் சொல்லும் அதன் ஒலி வலப்பக்கத்து மரங்களிலிருந்து வருவதாகச் சொன்னோம். அவர் நாற்காலியை எதிர்ப்பக்கமாகத் திருப்பி உட்காரச் சொன்னார். மரங்கள் இடப்பக்கம் வந்தன. சில்வண்டு அவருக்கு நிற்கவில்லை. நமக்குப் பாதி நின்றுவிட்டது. வலச்செவியைக் கையால் பொத்தினோம். மலை முழுவதும் அமைதியாயிற்று.

ஊர் திரும்பியதும் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் சென்றோம். அழுக்கடைப்பாக இருக்கும் என்ற நம்பிக்கை முதல் ஐந்து நிமிடத்தில் போயிற்று. ஒலிபுகாத அறையில் உட்காரவைத்து, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு செவிக்கும் தனித்தனியாக ஒலியனுப்பி, கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலச்செவிக்கு வட்டம், இடச்செவிக்குப் பெருக்கல் குறி. 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெருக்கல் குறிகள் படியிறங்கிச் சென்றன. ஒரு செவியில் மட்டும் இவ்வாறு குறைந்தால் உள்ளே வேறு காரணம் உண்டா என்று பார்த்தாக வேண்டும் என்பதால் ஸ்கேனும் எடுத்தோம், அஞ்சத்தக்கது ஏதுமில்லை. உயிரொலிகள் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வில் இருப்பதால் பேசுவது கேட்கும். மெய்களைப் பிரித்தறிய உதவும் மேலதிர்வுகள் குறைவதால் பேசுவது விளங்காது. 'கேக்குது, ஆனா புரியல' என்பதே இந்நிலையில் உள்ளவர் பலரின் முதல் வாக்கியம் என்றார் மருத்துவர். நம் முதல் வாக்கியம் 'பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை' என்பதாக இருந்தது. பழுது பேசுபவருடையது என்று கொள்வது எளிது.

காதொலிக் கருவி பரிந்துரைக்கப்பட்டது. வீட்டில் தயங்கினோம்; 'காது மிஷின்' என்ற சொல்லுக்கே முதுமையின் வாடை உண்டு. அப்போது மாணவர் தொலைபேசியில் சொன்ன செய்தி நம்மை நாணச் செய்தது. எட்டிமோட்டிக்கின் உள்ளே இருப்பது 'பேலன்ஸ்டு ஆர்மேச்சர்' எனப்படும் ஒலிப்பான். காந்தங்களுக்கு இடையே சமனாக நிற்கும் மெல்லிய உலோக நாக்கு அசைந்து சவ்வை அசைக்கும். அந்த நுண்கருவியைச் சிறிதாக்கி வளர்த்ததே காதொலிக் கருவித் தொழில்தான். அமெரிக்காவில் 1946இல் தோன்றிய நோல்ஸ் நிறுவனம் அதில் முன்னோடி. அங்கே பணியாற்றிய மீட் கில்லியன் 1983இல் எட்டிமோட்டிக்கைத் தொடங்கினார். முதல் ஈஆர்4 வந்தது 1991இல். மலையில் நாம் மூலபாடம் என்று மெச்சியதும் மருத்துவர் மேசையில் கண்டு முகஞ்சுளித்ததும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றைக் காட்டிக்கொள்கிறோம், மற்றதை முடியால் மறைக்கிறோம்.

இசை கேட்கும் நண்பர்களுக்கு இவ்விடத்தில் ஒன்று: உலக நலவாழ்வு நிறுவனம் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்கலாம் என்கிறது; 90 என்றால் 4 மணிநேரமே. நன்றாகப் பொருந்தும் பொறி வெளியிரைச்சலை அடைத்துவிடுவதால் குறைந்த ஒலியிலேயே எல்லாம் கேட்கும். பொருத்தத்துக்குச் செலவிடும் நேரம் செவிக்குச் சேமிப்பு.

இனி அந்த மாணவி. பருவ இறுதியில் வருகைக் குறைவுப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. 75 விழுக்காட்டுக்குச் சற்றே கீழே. பதிவேட்டை எடுத்து, நாம் வரவில்லை என்று குறித்த நாள்களை நம் மேசையிலிருந்த வகுப்புத் தேர்வுத் தாள்களோடு ஒப்பிட்டோம். இரண்டு நாள்களில் அவர் நம் எதிரிலேயே உட்கார்ந்து தேர்வு எழுதியிருக்கிறார். தாளில் நம் கையொப்பமே இருந்தது. மற்ற நாள்களுக்கு உடன் ஆசிரியர்களின் பதிவுகளைப் பார்த்துத் திருத்தம் எழுதி, காரணத்தையும் குறிப்பிட்டுத் துறைத்தலைவரிடம் கொடுத்தோம். 'பதிவு செய்தவரின் செவிக்குறைபாடு' என்று எழுதக் கை சற்றுத் தயங்கியது உண்மை.

மறுநாள் கருவியை அணிந்துகொண்டு வகுப்புக்குச் சென்றோம். புது இயர்போனா என்று முன்வரிசை மாணவர் ஒருவர் கேட்டார். காதொலிக் கருவி என்றோம். கடைசிப் பெஞ்சைப் பார்த்து, இத்தனை நாள் தவறு எம்முடையது, மன்னிக்க வேண்டும் அம்மா என்றோம். அவர் எழுந்து நின்று ஏதோ சொன்னார். மின்விசிறியின் இரைச்சலும் பெஞ்சு நகரும் ஒலியும் ஒருங்கே பெருகிக் கேட்டதில் அது புரியவில்லை. கருவி பழகச் சில வாரம் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

பெயரைப் படித்தோம். இம்முறை முகத்தைப் பார்த்துக்கொண்டே படித்தோம்.

"உள்ளேன் ஐயா" என்றார். மெல்லிய குரல்தான்.