சிப்பிப்பாறைக்கு ஒரு கடல்

விசைத்தறிச் சத்தத்தில் அசராமல் தூங்குகிற எங்கள் சிப்பிப்பாறை நாய், சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் அலையைப் பார்த்துக் குரைத்த குரைப்பு இருக்கிறதே! விருதுநகர்க் கரிசல் காட்டில் முயல் துரத்திய வம்சம், பாவம்.

ரயிலில் நாயை நம்மோடு வைத்துக்கொள்ள, முதல் வகுப்பு ஏசியில் கூபேயையோ கேபினையோ முழுதாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் கூண்டு. மனசு கேட்கவில்லை, சோமனூரிலிருந்து காரிலேயே போய்விட்டோம். அங்கே நாயோடு தங்கிய ரிசார்ட்டின் வாடகையைக் கேட்ட அப்பாரு, அது எத்தனை மீட்டர் நெசவுக் கூலி என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

உப்புத் தண்ணீரைக் குடித்தால் நாய்க்கு வாந்தி, பேதி வரும். மத்தியான மணல் பாதத்தைச் சுட்டுவிடும். அதனால் காலையும் மாலையும்தான் கடற்கரை.

இரவில் கண்டிப்பாகச் சங்கிலி. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி, ஒரு குழியில் நூறு முட்டை போலப் புதைத்துவிட்டுப் போகும். நாய் மோப்பம் பிடித்தால் தோண்டித் தின்றுவிடும். நீலாங்கரை, பெசன்ட் நகர் பக்கம் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் ராத்திரி ராத்திரியாக நடந்து, அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். ரிசார்ட்காரர்கள் இந்த ஆமை விஷயத்தை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாய்க்கு எந்த அளவு மெத்தை வேண்டுமென்று மட்டும் இரண்டு தடவை போன் செய்தார்கள்.