மாசிப் பிறையும் மலைநாட்டுத் தப்பொலியும்

ஓர் ஊரின் உள்ளத்தை அறிய விரும்புவோர் அவ்வூரின் திருவிழாவைக் காணவேண்டும் என்பர். நெய்தல் நிலத்து மக்களுக்குக் கடலும், மருத நிலத்து மக்களுக்கு வயலும் விழாக்காலத்தை வகுத்துக் கொடுத்தன. மலைநாட்டில், அதிலும் லிந்துலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், ஆண்டு விழாக்கள் எவ்வாறு அமைந்தன, அவை எம்மவர்க்கு எதனை அளித்தன, இன்று அவற்றுக்கு நேர்ந்திருக்கும் இடர் யாது என்பனவற்றை இங்கே சற்று எண்ணிப் பார்ப்போம்.

ஒப்புநோக்குவதற்கு முதலிற் கடலோரம் செல்வோம். சிலாபத்துக்கு வடக்கே உடப்பு என்னும் தமிழ்க் கிராமம் உள்ளது. அங்கே ஆடி மாதத்திற் திரௌபதையம்மன் ஆலயத்தில் 18 நாட்கள் விழா நிகழ்ந்து தீமிதிப்புடன் நிறைவெய்தும். தம் முன்னோர் இராமேசுவரக் கரையிலிருந்து கடல் கடந்து வந்தவர் என்பது அவ்வூர் மக்களின் மரபுச் செய்தி. கரைவலை இழுக்கும் கரையும், குடியிருக்கும் வீடும், கும்பிடும் கோயிலும் அவர்கள் தம்முடையனவென்று உரிமையோடு சொல்லத்தக்கவை. ஊர் அவர்களுடையது, ஆதலால் விழாவும் அவர்களுடையது.

தோட்டத்து மக்களின் நிலை வேறு. அவர்களும் கடல் கடந்து வந்தவர்களே. ஆயினும் லயமும், லயத்தின் காம்பராவும், காம்பராவின் முன்னுள்ள இஸ்தோப்பும், காய்கறி நட்ட சிறு துண்டு நிலமும் தோட்டத்துக்குச் சொந்தமானவை. எந்நேரம் துயிலெழுவது, எம்மலையிற் கொழுந்தெடுப்பது, எத்தனை இறாத்தல் கொழுந்துக்கு ஒரு பேர் போடுவது என்பனவெல்லாம் பங்களாவிலும் பெரட்டுக்களத்திலும் தீர்மானிக்கப்பட்டன. ஆண்டு முழுவதிலும் மக்கள் தாமே கூடி, தாமே பேசி, தாமே முடிவு செய்த காரியம் ஒன்று உண்டெனில், அது திருவிழா ஒன்றுதான். இதனை மனத்திற் கொண்டாலன்றித் தோட்டத்து விழாக்களின் பெருமையை ஒருவர் உணர முடியாது.

1820களிற் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கிய காலந்தொட்டு, திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து எமது முன்னோர் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளூடாக நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். பிழைத்து வந்தோர் வழிபட்ட மாத்தளை முத்துமாரியம்மனுக்கு இன்றும் மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் வீதியுலா வருகின்றன. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டார். கோப்பி நோயுற்று அழிந்தபின் மலையெங்கும் தேயிலை பரவியது. 1885 இற் புகையிரதப் பாதை தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை எட்டியது. லிந்துலையைச் சூழ்ந்த பம்பரகலை, தங்ககலை, லிப்பகலை முதலிய தோட்டங்களில் ஆயிரமாயிரம் குடும்பங்கள் வாழத்தொடங்கின.

நடந்து வந்தவர்கள் எதனைச் சுமந்து வந்திருக்க முடியும்? கற்சிலையைச் சுமக்க இயலாது. தேரைச் சுமக்க இயலாது. பாட்டையும் கதையையும் சுமந்து வந்தனர். அவ்வாறு வந்தவற்றுள் தலையாயது காமன் கூத்து. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துக்களும் மலைநாட்டில் வழங்கினவெனினும், வேரூன்றி நின்றது காமன் கூத்தே. இதற்குக் காரணமும் உண்டு. காமனுக்குக் கோபுரம் வேண்டியதில்லை; பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு கம்பம், ஒரு தப்பு, பாட்டறிந்த ஒரு வாத்தியார், கூடி நிற்கும் மக்கள் ஆகிய இவையே போதும். நிலமற்ற மக்களுக்கு இதனினும் ஏற்ற விழா வேறு யாது?

மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றும் நாளில் லயங்களுக்கு நடுவேயுள்ள முற்றத்திற் கம்பம் ஊன்றுவர். வைக்கோற் பிரி சுற்றி, வரட்டி கட்டிய அக்கம்பமே மன்மதன். வேடம் புனைவோர் காப்புக் கட்டி விரதம் இருப்பர். அந்நாட்கள் லிந்துலையிற் பகலில் வெயிலும் இரவிற் கடுங்குளிரும் நிலவும் காலம். கொழுந்து குறைவாக வரும். வரும் கொழுந்துக்கோ மணம் மிகுதி. வேலை முடிந்து திரும்பியோர் கம்பளியைப் போர்த்துக்கொண்டு கம்பத்தடியிற் கூடுவர். பிறை வளர வளரப் பாட்டும் வளரும்.

கதை யாவரும் அறிந்ததே. கந்தபுராணத்திற் காமதகனப் படலம் இதனைக் கூறும். சூரனால் துன்புற்ற தேவர்கள், மோனத்தில் அமர்ந்த சிவபெருமானின் தவத்தைக் குலைக்க மன்மதனை ஏவுகின்றனர். அவன் மலர்க்கணை எய்ய, இறைவனின் நெற்றிக்கண் திறக்கிறது; மன்மதன் சாம்பராகிறான். இரதி அழுது மன்றாடுகிறாள். அவன் உயிர் பெற்று எழுவான், ஆனால் அவள் கண்ணுக்கு மாத்திரமே புலப்படுவான் என்று அருள் கிட்டுகிறது. தஞ்சைப் பகுதியிற் காமன் எரிந்தான் என ஒரு கட்சியும், எரியவில்லை என ஒரு கட்சியுமாக நின்று லாவணி பாடும் வழக்கம் உண்டு. மலைநாட்டிலோ வாதத்தைவிட இரதியின் புலம்பலே மக்கள் நெஞ்சைக் கவர்ந்தது.

பூரணையை ஒட்டிய இரவில் இரதியும் மன்மதனும் லயம் லயமாக வலம் வருவர். இரதி வேடம் புனைபவரும் ஆடவரே. மேற்கணக்கு மக்களும் கீழ்க்கணக்கு மக்களும் ஒருங்கே திரள்வர். தூதன், வீரபத்திரன், யமன் முதலியோர் ஒருவர்பின் ஒருவராகத் தோன்றி ஆடுவர். விடியுமுன் கம்பம் எரியூட்டப்படும். பின்னர் உயிர்ப்பித்தற் சடங்கும் நிகழும்.

1971 ஆம் ஆண்டு மாசியில் எமக்கு எட்டு வயது. அவ்விரவு அப்பாயியின் கம்பளிக்குள் ஒடுங்கியிருந்து கூத்துப் பார்த்தோம். தேவர்கள் அனுப்பிய ஓலை வந்ததும் புறப்பட ஆயத்தமாகும் மன்மதனை, தான் கண்ட தீக்கனவுகளைச் சொல்லி இரதி தடுக்கிறாள். அவன் கேட்கவில்லை. அக்கட்டத்தில் எம்மைச் சுற்றியிருந்த பெண்கள் வாய்விட்டு அழுதனர். கூத்துத்தானே, எதற்காக இத்தனை அழுகை என்று எமக்கு விளங்கவில்லை. "காமன் திரும்பி வந்துடுவான்ல, அப்பாயி?" என்று கேட்டோம். "வருவான்டா. ஆனா ரதி கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான்" என்றார் அவர்.

அவ்வழுகையின் காரணத்தைப் பின்னரே அறிந்தோம். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்டோபர் 30 இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாக ஏற்பதென 1974 இல் முடிவாயிற்று. காகிதத்தில் இது கணக்கு. லயத்திலோ, அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் உரியவராகப் பிரிந்தனர். எவரோ எங்கோ எழுதிய ஓலைக்குக் கட்டுப்பட்டுத் தன் கணவன் போகின்றான் என்று இரதி அழுதபோது, அப்பெண்கள் தம் வீட்டுக் கதையையே கேட்டனர்.

அவ்வாண்டு மன்மதன் வேடம் புனைந்தவர், எமது தந்தையாருடன் ஒரே மலையிற் கவ்வாத்து வெட்டியவர். கூத்து முடிந்த சில மாதங்களில் அவர் குடும்பத்துடன் தலவாக்கலை நிலையத்திற் புகையிரதம் ஏறினார். தலைமன்னாரிற் கப்பல் ஏறினார். முன்னோர் வந்த கடலே அவரைத் திருப்பிக் கொண்டுசென்றது. இவ்வாறு சென்றவர்களுக்கு வேலை அளிப்பதற்கென 1968 இற் தமிழ்நாட்டு அரசு நீலகிரியிற் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. அங்கிருந்து அவர் எழுதிய கடிதத்தைத் தந்தையார் உரக்கப் படித்தது நினைவில் உள்ளது. குடும்ப நலத்தை விசாரிக்கு முன்னரே, "அண்ணே, இந்த வருசம் காமன் ஊன்றினீர்களா? மன்மதன் யார்? இங்கே மலை இருக்கிறது, தேயிலை இருக்கிறது. கம்பம் ஊன்றத்தான் ஆள் சேரவில்லை" என்று எழுதியிருந்தார். தோட்டத்து விழா எதனாலாயது என்பதை அக்கடிதம் எமக்குக் கற்பித்தது. மலை போதாது, தேயிலை போதாது, ஒருவரையொருவர் அறிந்த மக்கள் வேண்டும்.

வாக்குரிமை இழந்திருந்த அக்காலத்திலும், கம்பத்தடியிற் கூடி விழாவுக்குத் தலைவரைத் தெரிந்தெடுக்கும் உரிமையை எம்மவர் இழக்கவில்லை. வீட்டுக்கு இவ்வளவு வரி என்று பேசி முடித்தனர். கணக்கை எல்லோர் முன்னும் வாசித்தனர். சித்திரையை ஒட்டிய மாரியம்மன் திருவிழாவிலும் அவ்வாறே. கரகம் பாலிக்க ஆற்றங்கரைக்குச் செல்வதும், பால்குடம் ஏந்துவதும், தீச்சட்டி எடுப்பதும், இறுதியில் மஞ்சள் நீராடுவதும் ஊர்க் கூட்டத்தின் முடிவுப்படியே நடந்தன. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் எஞ்சியிருந்தோர்க்கும் பிரசாவுரிமை கிட்டியது. அதுவரை எம்மை ஒரு சமுதாயமாகக் கட்டி வைத்தவற்றுள் தொழிற்சங்கத்துக்கு எத்துணை இடமுண்டோ, திருவிழாவுக்கும் அத்துணை இடமுண்டு.

எனினும், பெருமையை மாத்திரம் பேசி மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. அக்கம்பத்தடியிற் சமத்துவம் நிலவவில்லை. முதல் மரியாதை பெரிய கங்காணிக்கே உரியதாயிருந்தது. கூத்துக்கு உயிராகிய தப்பை அடித்தவர்களோ ஒதுங்கி நிற்க நேர்ந்தது. விடியலிற் பெரட்டுக்கு மக்களைத் துயிலெழுப்பியதும் தப்பு. சாவீட்டுக்கு வழிகாட்டியதும் தப்பு. காமனை ஆடவைத்ததும் தப்பு. மூடுபனியிற் தோல் தளர்ந்துவிடும். வைக்கோலை எரித்து, அவ்வனலிற் காய்ச்சி விறைப்பேற்றுவர். இரவு முழுவதும் கைசளைக்காமல் அடித்த அக்கலைஞருக்குக் கிடைத்ததோ சில்லறையும் சாதிப் பெயருமே. அவர் மகன் படித்து ஆசிரியனானபின் தப்பைத் தொட மறுத்தால், அவனைக் குறைகூற எமக்கு என்ன தகுதி உண்டு?

இன்று விழாவுக்கு நேர்ந்துள்ள இடர் இங்கேதான் இருக்கிறது. தொலைக்காட்சி வந்ததால் கூத்து அழிந்தது என்பர் சிலர். இளைஞர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலை தேடிச் சென்றதால் அழிகிறது என்பர் வேறு சிலர். இவற்றில் உண்மை உண்டு. ஆயினும் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் அவ்விளைஞர் பேருந்துகளில் நெருக்கியடித்து ஊர் திரும்புகின்றனரே! அவர்களுக்கு ஊர்ப்பற்று இல்லையென்று சொல்வது பொருந்தாது. அவமானம் என்று கருதப்பட்ட ஒன்றைக் கையிலெடுக்கவே அவர்கள் தயங்குகின்றனர். தப்படிப்போர் இல்லாத தோட்டங்களில் வாடகை ஒலிபெருக்கி பாடுகின்றது; கம்பத்தடியில் ஆட்டம் நின்றுவிடுகின்றது.

இத்தயக்கம் நீங்கக் கூடியதே என்பதற்குத் தமிழ்நாடு சான்று தருகின்றது. அங்கே தப்புக்கு நெருங்கிய உறவான பறையும் நெடுங்காலம் இழிவாகக் கருதப்பட்டது. இன்று கல்லூரி மாணவரும் மாணவியரும் அதனை விரும்பிக் கற்கின்றனர். திண்டுக்கல்லிற் சக்தி கலைக்குழுவைச் சேர்ந்த இளம் பெண்கள் பறையடித்து மேடையேறினர். 2025 ஆம் ஆண்டில் மதுரைப் பகுதிப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. ஒரு குலத்தின் தலையிற் சுமத்தப்பட்டிருந்த பணி எல்லோரும் கற்கும் கலையானபோது இழிவு அகன்றது.

எமது பகுதிக்கும் வழிகாட்டி உண்டு. வட்டகொடை மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து, 1947 இற் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அத்தொகுப்பு 1983 இல் நூலாக வெளிவந்தது. தொழிற்சங்கப் பணிக்கிடையே அவரால் அது இயன்றதெனில், கையடக்கத் தொலைபேசியில் ஒலியையும் ஒளியையும் பதிவுசெய்ய வல்ல இன்றைய மாணவர்க்கு ஏன் இயலாது? ஒவ்வொரு தோட்டத்திலும் முதிய கூத்து வாத்தியார் ஒருவரேனும் இருப்பார். அவர் பாட்டும், தாளமும், எந்தக் கட்டத்துக்கு எந்த அடி என்னும் வகையும் அவர் நினைவிலும் பழைய கொப்பி ஒன்றிலுமே உள்ளன. அவர் மறைந்தால் அவையும் மறையும்.

பாடசாலைத் தமிழ்த் தினப் போட்டிகளிற் பிள்ளைகள் கூத்தின் ஒரு பகுதியைச் சில நிமிடங்களில் ஆடிக் காட்டுகின்றனர். அது நன்றே, ஆயினும் மேடையிற் பரிசு பெறுவதோடு அது நின்றுவிடலாகாது. அப்பிள்ளைகள் மாசியிற் கம்பத்தடிக்கும் வரவேண்டும். தப்பு ஒரு வீட்டாரின் கடமையாயிராமல் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் முறை வைத்துக் கற்கும் வித்தையாகவேண்டும். ஆணும் பெண்ணும் கற்கவேண்டும். கற்பிக்கும் முதியவருக்கு, அன்று கங்காணிக்குக் கட்டிய பரிவட்டத்தை இன்று கட்டுவோமாக. அதற்கு அரசின் ஆணையோ தோட்ட நிருவாகத்தின் அனுமதியோ தேவையில்லை. ஊர்க் கூட்டத்தின் ஒரு தீர்மானம் போதும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். வருகின்ற மாசியில் மூன்றாம் பிறை என்று வருகின்றதென நாட்காட்டியிற் குறித்துவையுங்கள். கொழும்பிலுள்ள பிள்ளைகளுக்கு முன்கூட்டியே அறிவித்து, விடுமுறை பெற்று வரச் சொல்லுங்கள். கம்பம் ஊன்றும் நாளில், தப்படிக்கும் பெரியவரின் அருகே உங்கள் பிள்ளையை அமர்த்தி, அவர் கையாலேயே குச்சியைப் பெற்றுக்கொள்ளச் செய்யுங்கள்.