ஆரஞ்சு வயர்

கால் டாக்ஸி ஓட்டும் நண்பர் ஒருவர் தன் காருக்குத் தொடுதிரை வைத்த ஸ்டீரியோ வாங்கிப் போட்டார். பகலில் ஒரு குறையும் இல்லை. இரவில் திண்டிவனம் தாண்டி இருட்டில் ஓட்டும்போது திரை வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது. துண்டைப் போட்டு மூடிக்கொண்டு ஓட்டுகிறேன் என்றார். காரோடு வந்த பழைய ரேடியோ அப்படியில்லை, ஹெட்லைட் சுவிட்சைத் திருகியதும் அதுவும் சேர்ந்து மங்கிவிடும். புது செட்டில் இது ஏன் இல்லை என்று கேட்டால், "மெனுவுல போய் குறைச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். பழகிய கண்ணைக் கெடுக்க ஒரு நொடி வெளிச்சம் போதும். சாலையோரம் நடந்து போகிறவர் தெரியாமல் போவது அந்த நொடியில்தான். இது வசதி சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல.

நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவர் கிடைத்திருக்கிறார் என்று நண்பர் சொன்னதும் நானும் கூடவே போனேன். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பாட்டர்ஸ் சாலை. ஜி.பி. ரோடு என்றால்தான் யாருக்கும் தெரியும். சீட் கவர், சன் ஃபிலிம், ஸ்பீக்கர் என்று வரிசையாகக் கடைகள். வேலை நடப்பதெல்லாம் பெரும்பாலும் தெருவோரத்தில் நிற்கும் வண்டிக்குள்.

டேஷ்போர்டு பேனலைக் கழற்றியது எனக்கு மனதில் நிற்கவில்லை. செட் வெளியே வந்ததும் பின்னாலிருந்து வயர்க் கொத்து தொங்கியது. எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒவ்வொன்றாக விரலில் எடுத்துக் காட்டினார். மஞ்சள், பேட்டரியிலிருந்து நேராக வருவது. கடிகாரமும் ஸ்டேஷன்களும் மறக்காமல் இருக்க. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் வருவது. கறுப்பு எர்த். நீலம் ஆன்டெனாவுக்கு. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா எல்லாம் ஜோடி ஜோடியாக ஸ்பீக்கர்களுக்கு. கடைசியாக ஓர் ஆரஞ்சு வயர். அதன் நுனியில் மட்டும் கறுப்பு டேப் சுற்றிவிட்டிருந்தது.

"இதத்தான் சார் விட்டுட்டாங்க."

அந்த வயர் செட்டுக்கு மின்சாரம் கொடுப்பதில்லை. லைட் போட்டாச்சு என்ற சேதியை மட்டும் சொல்கிறது. அதில் 12 வோல்ட் வந்தால் செட் தானே திரையை மங்க வைத்துக்கொள்ளும். சேதியை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. லைட் சுவிட்சின் முதல் திருப்பில் பார்க் லைட், நம்பர் பிளேட் லைட், டேஷ்போர்டு விளக்குகள் மூன்றும் எரியும். அந்த லைன்தான் வேண்டும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பாடி இரும்பில் வைத்து, சிவப்பு முனையால் காரின் கப்ளரில் ஒவ்வொரு பின்னாகத் தொட்டுக்கொண்டே, "லைட் போடு தம்பி, அணை, போடு" என்று நண்பருக்குச் சொன்னார். ஒரு பின்னில் சுழியமும் பன்னிரண்டும் மாறி மாறி வந்தன. கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். அவர் விடவில்லை. டேஷ்போர்டு மீட்டரின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரத்தை உருட்டச் சொன்னார். வோல்ட்டும் இறங்கியது.

"இது ஆகாது. இதுல குடுத்தா செட்டு விட்டு விட்டு மின்னும்."

அந்தச் சக்கரம் பல வண்டிகளில் மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி அனுப்பித்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. அதனால் சக்கரத்துக்கு முந்தைய இடத்தில், பார்க் லைட் ஃபியூசுக்கு அடுத்து எடுக்க வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே படுத்தபடி புது வயர் இழுத்தார். வெறுமனே முறுக்கி டேப் சுற்றவில்லை. சால்டர் வைத்து, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி இறுக்கினார். சென்னை வெயிலில் டேப்பின் பசை உருகி, சுற்று தானாகப் பிரிந்துவிடும்.

அவருக்குப் போளூர் பக்கம் ஊர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கேசட் காலத்தில் ஒரு ரிப்பேர் கடைக்கு வந்து சேர்ந்தவர். அப்போது கையில் டெஸ்ட் லாம்ப்தான்: கூரான கம்பி, உள்ளே ஒரு பல்பு, எர்த்துக்கு ஒரு கிளிப். வயரைக் குத்தினால் பல்பு எரியும். பிறகு கார்களில் ஏர்பேக் வந்தது; ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் கட்டாயமானது. ஏர்பேக் வயரில் தெரியாமல் குத்தினால், அந்தப் பல்பு இழுக்கும் மின்சாரத்திலேயே பை வெடித்து விரியக்கூடும். அதனால் மல்டிமீட்டரைத் தன் காசில் வாங்கிக்கொண்டார். ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளர் தெரிந்தால் மீட்டரைக்கூட அங்கே கொண்டுபோவதில்லை. இதையெல்லாம் அவருக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கூலி வண்டிக் கணக்கில். கடை வாசலில் 'ஃபிட்டிங் இலவசம்' என்று பலகை இருக்கும். செட் விற்ற லாபம் கடைக்கு. ஆள் அனுப்புகிறவர் தன் பங்கை எடுத்துக்கொள்வார். மிச்சம்தான் வயரைத் தொடுகிறவனுக்கு. பாட்டு வந்துவிட்டால் வண்டியை வெளியே தள்ளச் சொல்கிறார்கள். மஞ்சள், சிவப்பு, கறுப்பு, ஸ்பீக்கர் இருந்தால் பாட்டு வந்துவிடும். ஆரஞ்சுக்கு இன்னும் அரை மணி நேரம் ஆகும், அந்த அரை மணிக்கு யாரும் காசு தருவதில்லை. இலவசம் என்று எழுதிவைத்தவர்கள் திருடுவது இந்த ஆளின் நேரத்தை. அதன் விலையை இரவில் ஓட்டுகிறவரின் கண் கொடுக்கிறது. கூலியைப் பில்லில் தனி வரியாக எழுதி, அதை வேலை செய்தவர் கையிலேயே கொடுப்பதற்குக் கடைகளுக்கு என்ன தடை?

இப்போது வரும் பல கார்களில் இப்படித் தேடிப் பிடிக்க வயரே கிடையாது. லைட் போட்ட சேதி, முறுக்கிய இரண்டு வயர்களில் மற்ற சேதிகளோடு தரவாகப் போகிறது. அதைப் படித்துச் சொல்லத் தனிப் பெட்டி ஒன்று வேண்டும். அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு என்றார் அண்ணன்.

கிளம்பும்போது என்னிடம், "எழுதுறீங்கன்னா இதையும் எழுதுங்க சார். செட்டு போட்டதும் பாட்டு மட்டும் கேட்டுட்டுப் போயிடக் கூடாது. பார்க் லைட்டப் போட்டுப் பாக்கணும். மங்கலன்னா சாவியக் கையில வாங்கக் கூடாது" என்றார்.